சன்ஷேடு, சாமி அறை, பனைமரம்: மூன்று குளவிக்கு மூன்று வழி

மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். வருடம் தவறாமல் மாடி ஜன்னல் சன்ஷேடுக்கு அடியில் குளவி கூடு கட்டுகிறது. போன வாரம் நான்கு வயது மகனின் காதில் ஒன்று கொட்டிவிட்டது. மண்ணெண்ணெய்ப் பந்தம் கட்டிக் கொளுத்திவிடலாம் என்கிறார் கணவர். சாமி அறைச் சுவரிலும் ஒரு மண்கூடு இருக்கிறது. அதை உடைக்கக் கூடாது, வீட்டுக்கு நல்லது என்று மாமியார் தடுக்கிறார். கொல்லைப் பனைமரத்தில் "பானை மாதிரி ஏதோ ஒன்று" தொங்குகிறது என்று கடைசி வரியில், போகிற போக்கில் எழுதியிருக்கிறார். இனி வீட்டைச் சுற்றிக் குளவி கட்டாமல் இருக்க என்ன செய்யலாம் என்பது கேள்வி.

அந்தக் கடைசி வரியைப் படித்ததும்தான் இதை உடனே எழுத உட்கார்ந்தேன். உங்கள் வீட்டில் இருப்பது ஒரு குளவி இல்லை, மூன்று. சாமி அறையில் இருப்பது உங்களை ஒன்றும் செய்யாது. சன்ஷேடில் இருப்பது, பக்கத்தில் போனால் கொட்டும். பனைமரத்தில் இருப்பது நான் நினைக்கிறதாக இருந்தால் உயிரை எடுக்கும். மூன்றுக்கும் ஒரே பந்தத்தைத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது.

முதலில் பனைமரம். இன்று பகலில், வெயில் இருக்கும்போது, குறைந்தது முப்பது அடி தள்ளி நின்று பாருங்கள். பைனாகுலர் தேவையில்லை, கைபேசிக் கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்தாலே போதும். புல்லால் பின்னிய சுரைக்காய் வடிவத்தில், கீழே குழாய் மாதிரி வாசலோடு நிறைய தொங்கினால் அது தூக்கணாங்குருவிக் கூடு, நிம்மதியாக இருங்கள். சாம்பலும் பழுப்புமாக, பழைய காகிதத்தை அடுக்கடுக்காக ஒட்டியதுபோல் மேலே அலை அலையாகக் கோடு ஓடி, பக்கத்தில் ஒரே ஒரு ஓட்டை இருந்து, அதில் விரல் பருமனில் கறுப்புப் பூச்சிகள் வந்து போய்க்கொண்டிருந்தால் அது கதண்டு. வயிற்றில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பட்டை தெரியும். டெல்டாவில் நாம் கதண்டு என்கிறோம். மற்ற ஊர்களில் கடந்தை, கதம்ப வண்டு என்று பேர். செய்தித்தாளில் "விஷ வண்டு" என்று போடுவதும் பெரும்பாலும் இதைத்தான். வண்டு இனமே இல்லை, குளவி இனத்தில் பெரியது.

அதுவாக இருந்தால் நீங்களோ உங்கள் கணவரோ மரமேறுபவரோ யாரும் கை வைக்க வேண்டாம். 101 அல்லது 112-க்கு அழைத்துத் தீயணைப்பு நிலையத்தில் சொல்லுங்கள். நம் ஊர்களில் அவர்களுக்கு இது அடிக்கடி வரும் வேலை. இருட்டிய பிறகு உடல் மூடிய உடையோடு வருவார்கள். அவர்கள் வரும் வரைக்கும் அந்த மரத்தடியில் மாடு கட்டாதீர்கள், சருகு கொளுத்தாதீர்கள், பையனை விளையாட விடாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் சொல்லிவிடுங்கள். புகையும் அதிர்வும்தான் கதண்டைக் கிளப்பிவிடும். நூறு நாள் வேலையில் புதர் வெட்டப் போனவர்கள், தேங்காய் பறிக்க ஏறியவர்கள், ஓரத்தில் ஆடு மேய்த்தவர்கள் என்று வருடாவருடம் கதண்டு கடித்து நாம் இழக்கிறவர்களில் பலர் கூடு இருப்பது தெரியாமல் போனவர்கள்தான். உங்களுக்குத் தெரிந்துவிட்டது. அதுவே பெரிய பாதுகாப்பு.

பந்தம் ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், நான் கல்லூரியில் படிக்கும்போது எங்கள் தெருவில் ஒருவர் மாட்டுக்கொட்டகை ஓரத்துத் தென்னையில் இருந்த கூட்டை இப்படித்தான் கொளுத்தினார். மூங்கில் நுனியில் கோணிச் சாக்கைச் சுற்றி மண்ணெண்ணெய் ஊற்றி நீட்டினார். கூடு எரிந்தது. கூடவே பன்னாடையும் காய்ந்த மட்டையும் பற்றிக்கொண்டன, எரிந்த மட்டை கொட்டகைக் கூரையில் விழுந்தது. வெளியில் இருந்த கதண்டுகள் பந்தத்தைப் பிடித்திருந்தவர் கையை நோக்கி, வெளிச்சத்தைப் பார்த்தே வந்தன. ஏணியிலிருந்து குதித்ததில் அவருக்குக் கால் முறிந்தது. மாடுகளை அவிழ்த்துவிட்டதால் அவை பிழைத்தன. அன்றிலிருந்து யார் பந்தம் என்று சொன்னாலும் எனக்கு அந்தக் கொட்டகைதான் கண்ணில் வரும். பனைமரத்துக்குப் பக்கத்தில் மின்கம்பி போனால் ஆபத்து இரட்டிப்பு.

சரி, இப்போது சன்ஷேடுக்கு வருவோம்.

அங்கே இருப்பது காகிதக் குளவி. சின்னது, செம்பழுப்பு, வயிற்றில் மஞ்சள் கோடு இருக்கும். கூட்டுக்கு மூடி கிடையாது. தாமரைக்காயைக் கவிழ்த்ததுபோல் அறைகள் கீழே பார்த்துத் திறந்திருக்கும். ஒரு மெல்லிய காம்பில் தொங்கும். உற்றுப் பார்த்தால் சில அறைகளில் வெள்ளைப் புழு தலை நீட்டிக்கொண்டிருக்கும், சில அறைகள் வெள்ளையாக மூடியிருக்கும். காய்ந்த மரக்கட்டை, செடித்தண்டு இவற்றிலிருந்து நாரைச் சுரண்டி, எச்சிலோடு மென்று, பட்டை பட்டையாக இழுத்து ஒட்டிக் கட்டுவது அது. பழைய மரக்கதவில், மூங்கில் பிளாச்சில் மெல்லிய வெளிர் கோடுகள் விழுந்திருந்தால் அங்கிருந்துதான் நார் எடுத்திருக்கிறது.

இந்தியாவிலேயே மிக ஆழமாக ஆராயப்பட்ட குளவி இந்த வகைதான். ரோபாலிடியா மார்ஜினேட்டா என்று அதன் பேர். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ராகவேந்திர கதக்கர் பல பத்தாண்டுகள் இதன் குடும்ப வாழ்க்கையையே ஆராய்ந்தார். அவர் வேலையிலிருந்து நமக்குப் பயன்படுகிற இரண்டு விஷயங்களைச் சொல்கிறேன்.

ஒன்று, குளிர் நாடுகளில் குளவிக் குடும்பம் பனிக்காலத்தில் அழிந்து, வசந்தத்தில் தாய்க்குளவி தனியாகப் புதுக்கூடு தொடங்கும். அங்கே எழுதுகிறவர்கள் "வசந்தத்தில் பாருங்கள்" என்று சொல்வது அதனால்தான். தென்னிந்தியக் காகிதக் குளவிக்கு அந்தக் கணக்கு இல்லை. தையிலும் தொடங்கும், ஆடியிலும் தொடங்கும். வருடத்துக்கு ஒருமுறை வெள்ளையடிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் தவறிவிடும். "வருடம் தவறாமல்" என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள்; நடுவில் உங்கள் கண்ணில் படாமல் கட்டிப் பிரிந்த கூடுகளும் இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

இரண்டாவது, கதண்டுக்கு மிகவும் பிடித்த சாப்பாடு இந்தக் காகிதக் குளவியின் புழுக்கள். கதண்டு வந்து கூட்டில் உட்கார்ந்தால் சின்னக் குளவிகள் ஒன்றும் செய்ய முடியாமல் ஒதுங்கிப்போகும். அது ஒவ்வொரு அறையாகப் புழுவை இழுத்துத் தின்னும். பெங்களூரில் ஆராய்ச்சிக்காக வளர்த்த கூடுகளைக் காப்பாற்ற, சின்னக் குளவி நுழையும், கதண்டு நுழையாது என்ற அளவில் கண் வைத்த கம்பிவலையால் ஒரு கட்டடத்தையே மூடி வைத்திருந்தார்கள். உங்கள் வீட்டுக்கு இதிலிருந்து என்ன தெரிகிறது? சன்ஷேடில் கூடுகள் பெருகினால் பனைமரத்துக் கதண்டு உங்கள் ஜன்னலுக்கு வர ஒரு காரணம் கிடைக்கிறது. இரண்டும் தனித்தனிச் சங்கதி இல்லை.

இப்போது உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். குளவி கூடு கட்டுவதைத் தடுக்க நான் கண்ட வழிகளில் ஒன்றுதான் உண்மையாகவே பலன் தருகிறது: முதல் வாரத்தில் கண்டுபிடிப்பது.

ஒரு கூடு தொடங்கும் நாளை யோசித்துப் பாருங்கள். ஒரு தாய்க்குளவி, சில சமயம் இரண்டு மூன்று, ஒரு மூலையைத் தேர்ந்தெடுக்கும். முதலில் ஊசி பருமனில் ஒரு காம்பு. அதன் நுனியில் ஓர் அறை, அதைச் சுற்றி நான்கைந்து. இந்தக் கட்டத்தில் கூடு ஐம்பது பைசா நாணயம் அளவுதான். காக்க வேலைக்குளவி ஒன்றுகூடக் கிடையாது. முதல் முட்டை புழுவாகி, கூட்டுப்புழுவாகி, குளவியாக வெளியே வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அத்தனை நாள் அந்தக் கூட்டில் சண்டை போட ஆள் இல்லை. தாய்க்குளவி தானே நார் எடுக்கப் போக வேண்டும், தண்ணீருக்குப் போக வேண்டும், புழு பிடிக்கப் போக வேண்டும். கூடு பல நேரம் காலியாகத்தான் இருக்கும். அப்போது ஒட்டடைக் கம்பால் ஒரு தட்டு தட்டினால் முடிந்தது. பந்தமும் வேண்டாம், மருந்தும் வேண்டாம்.

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து நிமிடம் இதற்கென்று வைத்திருக்கிறேன். வாசலிலிருந்து வலமாகச் சுற்றுவேன். எல்லா சன்ஷேடுக்கும் அடியில், அதுவும் சுவரும் சன்ஷேடும் சேரும் உள்மூலையில் பார்ப்பேன். அப்புறம் மின்மீட்டர் பெட்டி மூடிக்குள், ஏசி அவுட்டோர் பெட்டியின் பின்பக்கம், மாடிப்படிக்கு அடியில், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் மூடிக்குக் கீழே, திறக்காத ஜன்னல் கதவுக்கும் கம்பிக்கும் நடுவில். ஓட்டு வீடாக இருந்தால் தாழ்வாரத்துச் சட்டங்களும் ரீப்பரும். கேட்டின் இரும்புக் குழாயையும் விடாதீர்கள். மேல்முனை திறந்திருந்தால் உள்ளேயே கட்டிவிடும், கேட்டைத் திறக்கிறவர் கைக்குப் பக்கத்தில் அது இருக்கும். மழை படாத, காற்று அடிக்காத, மேலே கூரை உள்ள இடம் என்பதுதான் அதன் தேர்வு. நான்கைந்து வாரம் சுற்றினால் உங்கள் வீட்டில் அதற்குப் பிடித்த இடங்கள் எவை என்று கண் தானாகப் பழகிவிடும்.

தட்டிவிட்டால் மட்டும் போதாது, காம்பையும் சுரண்டி எடுங்கள். எறும்பு ஏறாமல் இருக்க அந்தக் காம்பில் குளவி தன் உடம்பிலிருந்து ஒரு பொருளைத் தடவி வைத்திருக்கும். சுரண்டிய இடத்தைச் சோப்புத் தண்ணீர்த் துணியால் அழுத்தித் துடைத்துவிடுங்கள். மறுநாளே அதே இடத்துக்குத் தாய்க்குளவி திரும்பி வந்து சுற்றும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இரண்டாம் முறையும் தொடங்கினால் மறுபடி தட்டுங்கள். இரண்டு மூன்று முறை இடம் கெட்டுவிட்டால் பெரும்பாலும் வேறிடம் பார்த்துப் போய்விடும். ஒரே இடத்தில் ஆறு மாதம் விடாமல் இப்படிச் செய்ததில் எங்கள் சமையலறை ஜன்னல் பக்கம் கூடே இல்லாமல் போனது.

இனி, ஏற்கெனவே கட்டி முடித்து மகனைக் கொட்டிய உங்கள் சன்ஷேடுக் கூட்டுக்கு. அளவைப் பாருங்கள். உள்ளங்கைக்குள் அடங்கி, பத்துப் பதினைந்து குளவிக்குள் இருந்தால் வீட்டிலேயே முடிக்கலாம். ஒரு லிட்டர் தண்ணீரில் பாத்திரம் கழுவும் லிக்விட் மூன்று ஸ்பூன் கலந்து, செடிக்குத் தெளிக்கும் கை ஸ்பிரேயரில் ஊற்றிக்கொள்ளுங்கள். நன்றாக இருட்டிய பிறகு, எல்லாம் கூட்டுக்கு வந்து அடங்கிய நேரத்தில், கூட்டுக்கு நேர் கீழே நிற்காமல் பக்கவாட்டில் நின்று, தாரையாக, நிறுத்தாமல் பீய்ச்சி நனைத்துவிடுங்கள். குளவி மூச்சு விடுவது உடம்பின் பக்கவாட்டுத் துளைகள் வழியாக. வெறும் தண்ணீர் அதில் ஒட்டாது, சோப்புத் தண்ணீர் புகுந்து அடைத்துவிடும். முழுக்கைச் சட்டை, பேண்ட், தலையில் துண்டு, முகத்தை மூடிக் கண்ணாடி. வெள்ளை அல்லது வெளிர் நிறமாக இருக்கட்டும். இந்த இனங்கள் கறுப்பையும் தலைமுடியையும் குறிவைத்து வரும். டார்ச்சைக் கையில் பிடிக்காமல் தள்ளி ஓரிடத்தில் வையுங்கள், அதன் மேல் சிவப்புக் கண்ணாடித் தாளைச் சுற்றிவிடுங்கள். சிவப்பு வெளிச்சம் பூச்சிகளின் கண்ணுக்குச் சரியாகப் படாது. வெள்ளை டார்ச்சைக் கையில் பிடித்தால் அந்தக் கையைத் தேடித்தான் வரும்.

கடையில் விற்கும் பறக்கும் பூச்சி ஸ்பிரேயும் வேலை செய்யும். ஆனால் அது எளிதில் தீப்பற்றும். ஸ்பிரே அடித்துவிட்டுக் கொளுத்துவதும், விளக்கு எரியும்போது அடிப்பதும் கூடவே கூடாது. ஜன்னலை உள்பக்கம் சாத்தித் துணி செருகிவிட்டு அடியுங்கள். அடித்ததும் உள்ளே வந்துவிடுங்கள், செத்ததா என்று அப்போதே பார்க்கப் போகாதீர்கள். காலையில் அசைவு இல்லை என்று உறுதி செய்துகொண்டு தட்டி, காம்பைச் சுரண்டி, கூட்டைக் குழியில் புதைத்துவிடுங்கள். ஏணி போட்டு ஏறித்தான் எட்ட முடியும் என்றால் இந்த வேலையைச் செய்யவே வேண்டாம். கொட்டு வாங்கி இறந்தவர்களைவிட ஏணியிலிருந்து குதித்து முடமானவர்களைத்தான் நான் நேரில் அதிகம் பார்த்திருக்கிறேன். கூடு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் போய்விட்டால் பூச்சி மருந்து அடிக்கும் ஆளைக் கூப்பிடுங்கள்.

சுவரின் ஓட்டைக்குள் கூடு இருந்தால் சிலர் ராத்திரியில் சிமெண்ட் வைத்து வாயை அடைத்துவிடுவார்கள். வேண்டாம். உள்ளே இருப்பவை வேறு வழி தேடும், அது உங்கள் படுக்கையறைப் பக்கமாக இருக்கலாம். குளவி காலியான பிறகுதான் அடைக்க வேண்டும்.

சாமி அறைக்கு வருகிறேன். மாமியார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. குளவி கட்டினால் வீட்டில் குழவி பிறக்கும் என்ற நம்பிக்கை நம் ஊரில் பழையது. எந்த மண்ணில் கட்டுகிறது என்று பார்த்து ஆணா பெண்ணா என்றுகூடச் சொல்வார்கள். குழந்தையை அது கொண்டுவராது. ஆனால் அந்த நம்பிக்கை ஒரு தீங்கில்லாத பூச்சியைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வந்திருக்கிறது. மண்குளவி கூட்டம் சேர்ந்து வாழாது. காக்க ராணி இல்லை, படை இல்லை. கையால் பிடித்து நசுக்கினால் ஒழியக் கொட்டாது.

சின்ன வயதில் சொல்லிக் கேட்டிருப்பீர்கள், குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்று. வேட்டுவன் குளவி பச்சைப் புழுவைக் கொண்டுபோய் மண்கூட்டில் வைத்து மூடுகிறது, சில வாரம் கழித்து அதே கூட்டிலிருந்து குளவி வருகிறது. பார்த்தவர்கள் அப்படித்தானே நினைப்பார்கள்? உண்மையில் உள்ளே நடப்பது வேறு. கொட்டியது புழுவைக் கொல்ல இல்லை, மரக்கச் செய்ய. அது அழுகாமல், அசையாமல் கிடக்கும். கூடவே வைத்த முட்டை பொரிந்து, குளவிக்குஞ்சு அதைத் தின்று வளரும். குழாய் குழாயாக மண் பூசும் வகை புழுவுக்குப் பதிலாகச் சிலந்தியை அடைக்கும். பழைய கூட்டைச் சுரண்டும்போது உள்ளிருந்து காய்ந்த சிலந்திகள் கொட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வகையில் ஒன்றுக்கு 1781-இல் பெயர் வைத்தவர் டென்மார்க்குப் பூச்சியியலாளர் ஃபாப்ரிசியஸ். இன்று அதை ஸ்கெலிஃப்ரான் மதராஸ்பட்டானம் என்கிறார்கள்; அவர் வைத்த பின்பாதி நம் மதராசப்பட்டினத்தின் பேர்தான். எனக்கு இது எப்போதும் சந்தோஷம் தரும் தகவல்.

அதனால் சாமி அறைக் கூட்டைப் பாருங்கள். பக்கத்தில் உருண்டையாகத் துளை விழுந்திருந்தால் குளவி வெளியே போயாயிற்று, கூடு காலி. மாமியாரிடம் காட்டிவிட்டுச் சுரண்டி, ஈரத்துணியால் துடைத்துவிடலாம். துளை இல்லாமல் மூடியே இருந்தால் சில வாரம் விட்டுவிடுங்கள். இருவர் மனமும் நோகாது.

ஆனால் மண்குளவி ஓட்டையைக் கண்டால் அடைக்கிற பழக்கம் உள்ளது. அந்த ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். பிளக் பாயிண்ட், சாவித்துவாரம், ஏசி தண்ணீர் வெளியேறும் குழாய், கேஸ் அடுப்பின் பர்னர் துளை, ஓட்டாமல் நிற்கும் பைக்கின் சைலன்சர் எல்லாம் அதற்கு ஆயத்தக் கூடு. 1996 பிப்ரவரியில் டொமினிக்கன் குடியரசில் ஒரு பயணிகள் விமானம் கடலில் விழுந்து 189 பேர் இறந்தார்கள். விமானத்தின் வேகத்தை அளக்கும் சிறு குழாய் அடைபட்டிருந்தது, பறக்காமல் நிறுத்தியிருந்தபோது அந்தக் குழாயை மூடாமல் விட்டிருந்ததால் மண்குளவி கட்டியிருக்க வேண்டும் என்றே விசாரணையாளர்கள் கருதினார்கள். வீட்டில் அப்படி ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் பையன் இருக்கிற வீட்டில் பிளக் பாயிண்டுக்குப் பிளாஸ்டிக் மூடி எப்படியும் நல்லது. மண் அடைத்த பிளக்கை மெயினை அணைக்காமல் குத்தி எடுக்காதீர்கள்.

மண்குளவிக்கு முதலில் வேண்டியது ஈர மண். கொல்லைக் குழாயடியில் சொட்டுச் சொட்டாகக் கசிந்து சேறாக இருக்கிறதா? காலை பத்து மணி வாக்கில் அங்கே போய் உட்கார்ந்து பாருங்கள். இடுப்பு நூல்போல் ஒடுங்கிய ஒரு குளவி வந்து இறங்கும், தலையைக் குனிந்து சிறகை அதிரவிட்டு ரீங்காரத்தோடு மண்ணை உருட்டும், மிளகு அளவு உருண்டையை வாயில் கவ்விக்கொண்டு ஒரே திசையில் பறக்கும். அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தால் கூடு எங்கே என்று தெரிந்துவிடும். குழாய்க்கு வாஷர் மாற்றிவிட்டால் அந்தச் செங்கல் சூளை மூடியது மாதிரி. வெயில் காலத்தில் காகிதக் குளவியும் கதண்டும்கூடத் தண்ணீருக்கு அங்கேதான் வரும்.

அடைக்க வேண்டியவற்றைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். பயன்படாத ஆணி ஓட்டைகளுக்கு ஒயிட் சிமெண்ட், குழாய் சுவருக்குள் போகும் இடத்து இடுக்குக்கு எம்-சீல், திறந்த இரும்புக் குழாய் முனைக்குப் பிளாஸ்டிக் மூடி, வெண்டிலேட்டருக்குக் கொசுவலைக் கம்பி. பழுத்து விழுந்த மாம்பழம், கொய்யாவை அன்றன்றே பொறுக்கிவிடுங்கள். மீன், கறி கழுவிய கழிவைத் திறந்து வைக்காதீர்கள்.

கிராம்பு எண்ணெய், புதினா எண்ணெய் தெளித்தால் வராது என்று கைபேசியில் வருகிறதே என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் பொறிகளில் இரையோடு சேர்த்து வைத்துச் சோதித்தபோது கிராம்பு, எலுமிச்சைப்புல் போன்ற எண்ணெய்கள் குளவி வருவதைக் குறைத்தது உண்மைதான். ஆனால் அது தீனிக்கு வரும் குளவியைத் தள்ளி நிறுத்திய கதை, கூடு கட்ட வருவதைத் தடுத்த கதை இல்லை. நம் வெயிலில் அந்த வாசனை ஓரிரு நாளில் போய்விடும். தட்டிச் சுரண்டிய இடத்தில் கொஞ்சம் வேப்பெண்ணெய் தடவுவது நான் செய்வதுண்டு, அதற்கு மேல் அதை நம்புவதில்லை. துணியில் பொய்க்கூடு செய்து தொங்கவிட்டால் வேறு குளவி வராது என்பதையும் நம்பிக் காசு கொடுக்காதீர்கள். எங்கள் பழைய பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் ஒரே சட்டத்தில் ஒரு முழ இடைவெளியில் நான்கு உயிருள்ள கூடுகளை எண்ணியிருக்கிறேன்.

ஆள் புழங்காத இடத்தில், எட்டாத உயரத்தில் இருக்கும் சின்னக் கூட்டை விட்டுவிடலாம் என்பது என் எண்ணம். காகிதக் குளவி தன் புழுக்களுக்கு ஊட்டுவது மென்று உருட்டிய பச்சைப் புழுவை. உங்கள் கத்தரியிலும் அவரையிலும் இருக்கும் புழுதான் அது. மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் ஒன்று இருந்தால் இருக்கட்டும். ஜன்னல், வாசல், கொடிக்கயிறு, கழிப்பறை வழி, பையன் விளையாடும் இடம் ஆகியவற்றில் மட்டும் ஒன்றுகூட விடாதீர்கள். அதேபோல் மாடித் தொட்டியடியில் அரைவட்டமாகக் கறுப்புத் திரை தொங்குவதுபோல் இருந்தால் அது மலைத்தேனீ. கொளுத்தாமல் தேனெடுப்பவர்களைக் கூப்பிடுங்கள்.

கடைசியாக மகனைப் பற்றி. காதில் கொட்டியதற்குச் சுண்ணாம்பு தடவினோம் என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த முறை வேண்டாம். குளவி விஷம் தோலுக்குள் இறங்கிவிட்டது, மேலே தடவும் சுண்ணாம்பு அதை முறிக்காது; பிஞ்சுத் தோல் வெந்து போகும். சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய பனிக்கட்டியைப் பத்து நிமிடம் வைத்தெடுத்து வையுங்கள். தேனீக்குக் கொடுக்கு உள்ளே தங்கும், குளவிக்குத் தங்காது. அதனால் தேடி நோண்ட வேண்டாம். அது திரும்பத் திரும்பக் கொட்டக் கூடியது என்பதால் முதலில் இடத்தைவிட்டு அகல வேண்டும். கூட்டுக்குப் பக்கத்தில் அதை அடித்து நசுக்கக் கூடாது. கதண்டின் விஷ வாசனையே மற்றவற்றைக் கூப்பிட்டுவிடும். ஓடி வீட்டுக்குள் புகுந்து கதவைச் சாத்துவதே சரி.

கொட்டிய இடம் மட்டும் வீங்கினால் ஓரிரு நாளில் வடிந்துவிடும். ஆனால் உடம்பெல்லாம் தடிப்பு, உதடோ நாக்கோ கண்ணிமையோ வீங்குவது, மூச்சுத் திணறல், வாந்தி, தலைசுற்றல் இவற்றில் எது வந்தாலும் ஒரே ஒரு கொட்டாக இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். அது ஒவ்வாமை, அட்ரினலின் ஊசி உடனே போட்டாக வேண்டும், நேரம் நிமிடக் கணக்கில்தான். ஒருமுறை கொட்டு வாங்கியவருக்கு அடுத்த முறை அப்படி வரக்கூடும் என்பதால் மகனைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். கதண்டு பல இடத்தில் கொட்டியிருந்தால், ஆள் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட வேண்டும். விஷம் தசையையும் ரத்த அணுக்களையும் சிதைத்துச் சிறுநீரகத்தை அடைக்கும்; அது ஓரிரு நாள் கழித்துத்தான் தெரியவரும். சிறுநீர் டீத்தண்ணீர் நிறத்தில் போனாலோ அளவு குறைந்தாலோ ஒரு நிமிடம்கூடத் தாமதிக்க வேண்டாம்.

இன்றைக்குச் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான். வெயில் சாய்வதற்குள் கொல்லைக்குப் போய்த் தள்ளி நின்று அந்தப் பனைமரத்தைப் பாருங்கள். காகித மாதிரி இருந்தால் உடனே 101-க்குப் போன் செய்யுங்கள். சன்ஷேடு நாளைக்கு ஆகட்டும்.